ஒலிப்பதிவு கேள்வி–பதில்: குரல் தனி, மிருதங்கம் தனி

கேள்வி: அப்பா சின்ன வயதிலிருந்தே தேவாரம் பாடுபவர். சித்தப்பா மிருதங்கம் வாசிப்பார். இரண்டு மைக் போடக்கூடிய சின்ன யூஎஸ்பி மிக்ஸர் வாங்கி, லேப்டாப்பில் அடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் வைத்து வீட்டிலேயே பதிவு செய்கிறோம். மிருதங்கம் குரலை அமுக்கிவிடுகிறது. அப்புறம் குறைக்கலாம் என்றால் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. மிக்ஸரில் வைத்த எக்கோவையும் எடுக்க முடியவில்லை. பெரிய மிக்ஸர் வாங்க வேண்டுமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வேண்டாம். இருப்பதே போதும். இந்த வகை மிக்ஸர்களில் எத்தனை மைக் செருகினாலும் யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குப் போவது இடது, வலது என்று இரண்டே சேனல்தான். பத்து சேனல் உள்ள யமஹா எம்ஜி10எக்ஸ்யூ வாங்கினாலும் இதே கதைதான். ஆனால் உங்களிடம் பாடுபவர் ஒருவர், வாசிப்பவர் ஒருவர். இரண்டு வழி, இரண்டு பேர். கணக்கு சரியாக இருக்கிறது.

அப்பாவின் மைக் சேனலில் பேன் நாப்பை, அதாவது ஒலியை இடமா வலமா அனுப்புவது என்று தீர்மானிக்கும் குமிழை, முழுக்க இடது பக்கம் திருப்புங்கள். சித்தப்பாவின் சேனலில் முழுக்க வலது பக்கம். அடாசிட்டியில் ரெக்கார்டிங் சேனல் 2, அதாவது ஸ்டீரியோ என்று இருக்கிறதா பாருங்கள். மோனோவில் இருந்தால் இவ்வளவும் வீண். பதிவு முடிந்ததும் அந்த டிராக்கின் மெனுவில் 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுங்கள். குரல் ஒரு டிராக், மிருதங்கம் ஒரு டிராக் என்று பிரிந்து, இரண்டும் நடுவில் வந்து நிற்கும். மிருதங்கத்தை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இறக்கிக்கொள்ளலாம். ஒரே அறை என்பதால் ஒன்றில் மற்றொன்று கொஞ்சம் கேட்கத்தான் செய்யும். சாதாரணப் பாட்டு மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். ஆகவே இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் மைக்கின் முதுகு மற்றவரைப் பார்க்கும்படி வையுங்கள். பெருமளவு குறைந்துவிடும்.

கெயின் விஷயத்தில், அதாவது மைக் ஒலியை மிக்ஸர் எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். புதுச்சேரியில் கோயில் கச்சேரி, கல்யாணம் என்று மிக்ஸர் முன்னால் உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பதிவின் தரம் அந்த ஒரு நாப்பில்தான் இருக்கிறது. "ஹலோ, ஹலோ" சொல்லி லெவல் வைத்தால் அப்பா மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரல் உடையும். சேனல் லெவலையும் மெயினையும் 0 குறியில் நிறுத்துங்கள். அப்பாவை அவர் பாடுவதிலேயே உச்சமான அடியை, முழுக் குரலில் பாடச் சொல்லுங்கள். கெயினை மெல்ல ஏற்றினால் ஓர் இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கும். அங்கிருந்து நன்றாகவே இறக்குங்கள். அடாசிட்டி மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி நிற்கட்டும்; எந்த நேரத்திலும் மைனஸ் 6-ஐத் தாண்ட வேண்டாம். குறைவாகப் பதிந்ததை ஏற்றிவிடலாம், உடைந்த குரலை ஒட்டவைக்க முடியாது. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரம்.

எக்கோ நாப் பூஜ்யத்தில் இருக்கட்டும். மிக்ஸரில் போட்ட எக்கோ குரலோடு சேர்ந்தே பதிவாகிறது, பிரிக்க வழியில்லை. கோயில் மண்டபத்தில் பாடுவது போல வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டால், பதிவை நகல் எடுத்து அதில் அடாசிட்டியின் ரிவெர்ப் (மண்டப முழக்கம்) போடுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள். அந்தக் குரல் அப்படியே, ஒரு கலப்பும் இல்லாமல் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டுப் பண் கற்கலாம்.

இன்னொன்று. அடித்தொண்டை ஒலிகளை வெட்டும் 'லோ கட்' பொத்தான் இருந்தால் குரல் சேனலில் அழுத்துங்கள். ரயில், பஸ் உறுமல் குறையும். மிருதங்கத்தில் அழுத்தினால் தொப்பியின் (இடது பக்கத்தின்) கும்கி என்ற கனத்த நாதம் மெலிந்துவிடும்.

கேள்வி: பதிவில் 'ஊம்' என்று ஓர் ஓசை விடாமல் வருகிறது. மிக்ஸர் கோளாறா?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால் மிக்ஸர், லேப்டாப் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் சத்தம் போகும் என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து. வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரையை ஒட்டி இருக்கிறது. நாப்பைத் திருப்பினாலே கரகரவென்கிறது. கண்டென்சர் மைக்கும் சில நாள் பொரிகிறது.
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: உப்புக் காற்றும் ஈரமும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கடலோரத்தில் எல்லார் வீட்டிலும் இது உண்டு. மைக்கை இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். வேலை முடிந்த பிறகும் மிக்ஸரில் மாட்டியபடியே விட்டுவிடாதீர்கள். கழற்றும் முன் ஃபான்டம் பவரை, அதாவது கண்டென்சர் மைக்குக்கு மிக்ஸர் தரும் மின்சாரத்தை, அணையுங்கள். மிக்ஸருக்கு, எல்லா நாப்பையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடிக்கடி திருப்பிவிட்டாலே பாதி சரியாகும். மீதிக்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே என்று கேட்டு வாங்குங்கள். மிக்ஸர் கரண்ட்டில் இல்லாதபோது அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே போடுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். அதில் தூசி ஒட்டி நாப்பே இறுகிப்போகும்.