மூடிய பியானோ – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரக் கட்டுரையில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் ‘4 நிமிடம் 33 நொடி’ பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். யூடியூபில் தேடிப் பார்த்தேன். கோட்டு போட்ட ஒருவர் வருகிறார், பியானோ முன் உட்கார்கிறார், மூடியை மூடுகிறார். கடைசிவரை ஒரு ஸ்வரம் இல்லை. எழுந்து வணங்குகிறார், கைதட்டுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இளையராஜா வழியாக பாக், மொசார்ட் என்று மெல்ல மேற்கத்திய இசைக்குள் வந்தவன் நான். இதில் கேட்க என்ன இருக்கிறது? பியானோவே தெரியாத நான்கூட இதை ‘வாசித்து’விடலாமே. பெரிய பெயர் என்றதும் நாம் அடக்கி வாசிக்கிறோமோ?

ஆர்.,
கோவை

அன்புள்ள ஆர்.,

கோபம் நியாயமானதே. 1952இல் அதை முதன்முதலில் கேட்டவர்களிலும் பலருக்கு அதுதான் வந்தது. ஆனால் உங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு உருப்படி. அவர்கள் கேட்டது முழுக் கச்சேரி.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 29. நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் அருகே காட்டுக்குள் இருக்கும் மேவரிக் அரங்கம். அரங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். 1916இல் மரத்தால் கட்டிய கொட்டகை. பின்பக்கக் கதவைத் திறந்தால் காடு. வாசித்தவர் டேவிட் டியூடர், வயது 26. தனி ஆளாக முழு மாலையும் சமகால இசை மட்டுமே வாசித்தார். முதல் உருப்படியும் கேஜுடையது. அதற்கு அன்றைய தேதியே தலைப்பு. பின்னாளில் ‘வாட்டர் மியூசிக்’ என்று பெயர் நிலைத்தது. பியானோவோடு ரேடியோ, விசில், சீட்டுக்கட்டு, தண்ணீரைப் பாத்திரம் மாற்றி ஊற்றும் சத்தம் எல்லாம் அதில் உண்டு. (எனக்கு அது பெரிதாகப் பிடிக்காது. வேடிக்கை பார்க்கலாம், கேட்க முடியாது.) அப்புறம் கேஜின் நண்பர்களான இசையமைப்பாளர்கள் கிறிஸ்டியன் வுல்ஃப், மார்ட்டன் ஃபெல்ட்மன், ஏர்ல் பிரவுன். பிறகு பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் பூலேயின் முதல் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட பியானோ உருப்படி). பூலே தன் 21ஆம் வயதில் எழுதியது. விரல்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாவிக்கொண்டே இருக்கும். எந்த ஸ்வரத்தையும் நம் காது பிடித்து உட்கார்ந்துகொள்ள விடாது. பத்து நிமிடம்தான், ஆனால் கேட்டு முடித்ததும் களைத்துப்போவோம்.

அந்தக் களைப்புக்குப் பிறகுதான் டியூடர் மூடியை மூடினார். கையில் ஸ்டாப்வாட்ச். மூன்று பகுதிகள், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் மூடியை மூடி, முடிவில் திறந்தார். நடுவே ஸ்வரத்தாளைப் புரட்டவும் செய்தார். முதல் பகுதியில் வெளியே காற்று, இரண்டாவதில் கூரைமேல் மழைத்துளிகள், மூன்றாவதில் ஜனங்களே முணுமுணுத்தார்கள், எழுந்து போனார்கள் என்று கேஜ் பிற்பாடு நினைவுகூர்ந்தார். பூலேயின் அடைமழை ஓய்ந்த காதுக்கு நிஜ மழை எப்படிக் கேட்டிருக்கும்! உங்கள் வீட்டில் அந்த நாலரை நிமிடமும் ஃபேன் சத்தம்தானே கேட்டது? யூடியூபில் அந்தக் கொட்டகை வராது.

பியானோ தெரியாத நானும் செய்யலாமே என்கிறீர்கள். மூடியை மூடலாம், யார் தடுப்பார்கள்? ஆனால் இந்த டியூடர் யார் தெரியுமா? பூலேயின் இரண்டாவது சொனாட்டாவை 1950இல் அமெரிக்காவில் முதன்முதலில் வாசித்தவர். அதைப் பிடிக்க வேண்டுமே என்று, பூலே எழுதியதையும் அவர் படித்த பிரெஞ்சு எழுத்தாளர் ஆர்த்தோவையும் மூலத்திலேயே படிக்க பிரெஞ்சு கற்றுக்கொண்டவர். பேசத் தெரிந்தவன் சபையில் சும்மா இருந்தால்தான் மற்றவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நாம் சும்மா இருந்தால் யார் கவனிக்கப்போகிறார்கள்?

சரி, இதில் கிண்டலே இல்லையா? கொஞ்சம் உண்டுதான். ஆனால் கேஜ் அதை விளையாட்டாகச் செய்துவிடவில்லை. 1940களில் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் நியூயார்க் போயிருந்தபோது, அவர் இந்திய இசை சொல்லிக்கொடுக்க, கேஜ் கவுன்டர்பாயின்ட் (பல மெட்டுகளை ஒரே நேரத்தில் பின்னும் மேற்கத்திய முறை) சொல்லிக்கொடுத்தார். இசை எதற்கு என்று கேஜ் கேட்டதற்கு, மனத்தை அமைதியாக்கி தெய்வத்தின் பக்கம் திறந்துவைக்க என்று தன் குரு சொன்னதை கீதா சொன்னார். கேஜ் அதை விடவே இல்லை.

கொழும்பில் பிறந்த நம் கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியையும் அவர் ஆழ்ந்து படித்தார். ஒன்பது ரசங்களைப் பற்றி அங்கே படித்ததுதான் ‘சொனாட்டாக்களும் இடையிசைகளும்’ (1946–48) ஆயிற்று. பியானோவின் 45 ஸ்வரங்களுக்குரிய தந்திகளுக்கிடையே திருகாணி, போல்ட், ரப்பர் எல்லாம் செருகி வாசிக்க வேண்டும். பியானோவா, ஜலதரங்கமா, தூரத்துக் கோயில் மணியா என்று குழம்புவீர்கள். நீங்கள் அங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும். உங்களைத் தவறான வாசலில் இறக்கிவிட்டது என் கட்டுரையின் அந்த இரண்டு வரிதான்.

அன்றைய கச்சேரி மௌனத்தோடு முடியவில்லை. கடைசி உருப்படி அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கவலின் ‘பான்ஷி’, 1925இல் எழுதியது. பான்ஷி என்பது சாவுக்கு முன் அழுது அறிவிக்கும் அயர்லாந்துப் பெண்பேய். ஒருவர் உட்கார்ந்து பெடலை மிதித்துக்கொண்டே இருக்க, வாசிப்பவர் நின்றபடி பியானோவின் வயிற்றுக்குள் கைவிட்டுத் தந்திகளை நீளவாக்கில் நகத்தாலும் விரலாலும் தேய்ப்பார். கட்டையை ஒருமுறைகூடத் தொடுவதில்லை. அதையும் கேளுங்கள், மூன்று நிமிடம்கூட வராது. இரவில் ஹெட்போன் வைத்துக் கேட்க வேண்டாம்.