தோட்டம்: கேள்வி பதில்

கேள்வி: கேமரன் மலையில் வாங்கிய 'டெண்ட்ரோபியம் கத்பெர்ட்சோனி' ஆர்க்கிட்டைப் பால்கனியில் வைத்தேன். மொட்டெல்லாம் உதிர்ந்து, இலையும் மஞ்சளாகிறது. தண்ணீர் போதவில்லையா?
- வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தண்ணீரில் குறையில்லை அம்மா, இரவுச் சூடுதான் காரணம். இது நியூகினி மலைச் செடி. பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேலே, பாசி படர்ந்த கிளைகளிலும் சரிவுகளிலும் வளரும். அங்கே இரவில் 10 டிகிரி வரை குளிரும். பினாங்கில் நள்ளிரவிலும் 24, 25. பகலில் இலை சேர்த்த சர்க்கரையை, இரவுச் சூட்டில் வேகமாகும் செடியின் சுவாசமே தின்றுவிட்டால் மொட்டுக்கு என்ன மிஞ்சும்? இந்த நிலையில் தண்ணீரையும் கூட்டினால் வேர் அழுகும். பினாங்கின் 833 மீட்டர் உயரக் கொடிமலைகூட இதற்குப் போதாது.

பழுப்பேறி நசுங்கும் வேர்களை வெட்டிவிட்டு, 5 செ.மீ. சட்டியில் புது ஸ்பேக்னம் பாசியைத் தளர்வாக வைத்து நடுங்கள். அழுத்தி அடைத்தால் காற்று போகாது. பிறகு கண்ணாடிக் கதவுள்ள ஒயின் சில்லர் (ஒயின் வைக்கும் சிறு குளிர்பெட்டி) ஒன்று வேண்டும். பகலுக்கு 20, இரவுக்கு 12 டிகிரி என இரண்டு அளவு வைக்கக்கூடிய தெர்மோஸ்டாட்டை (வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி) அதனுடன் இணையுங்கள். எல்.இ.டி. விளக்கு 12 மணி நேரம் எரியட்டும். சில்லர் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடியில் தண்ணீர்த் தட்டு வையுங்கள். கம்ப்யூட்டர் விசிறி ஒன்று நிற்காமல் சுற்றட்டும், இல்லாவிட்டால் இலையில் கரும்புள்ளி விழும். மழைத்தண்ணீரே நல்லது. உரம், டப்பாவில் சொன்னதில் கால் பங்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பாசி முழுக்கக் காயவே கூடாது; ஆண்டுக்கொருமுறை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கத்பெர்ட்சோனி ஏர்கோன் அறையில் வளராதா?
- வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வளராது. இரவில் 18 வைத்தாலும் காற்று வறண்டுவிடும். காலையில் ஏர்கோனை அடைத்ததும் அறை சுடும்.

கேள்வி: பெயர்ச்சீட்டு இல்லாமல் வாங்கினேன். இது கத்பெர்ட்சோனிதானா என்று எப்படி அறிவது?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், இளஞ்சிவப்பு, இருநிறம் எல்லாம் இந்த ஒரே இனத்தில் உண்டு. இலையின் மேற்புறத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: பொடிப்பொடி மருக்கள் மினுங்கும். மொழுமொழுவென்று இருந்தால் சந்தேகப்படலாம். செடி சில சென்டிமீட்டர்தான். பூ பல நேரம் செடியையே மறைத்துவிடும். பக்கப் புல்லிதழ்கள் பின்னால் நடுத்தூணின் (பூவின் நடுவே தூண்போல நிற்கும் உறுப்பு) அடியோடு சேர்ந்து தாடைபோலப் புடைத்திருக்கும். ஆனால் இது டெண்ட்ரோபியம் இனங்களுக்கெல்லாம் பொது, இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு பூ மாதக்கணக்கில் வாடாமல் நின்றால் அதுவும் நல்ல அடையாளம். நம் சாலையோர மரங்களில் தொற்றி வளரும் புறா ஆர்க்கிட்டும் டெண்ட்ரோபியம்தான். மழை பெய்து குளிர்ந்தால் ஏறக்குறைய ஒன்பதாம் நாள் ஒன்றாகப் பூத்து, ஒரே நாளில் வாடிவிடும்.