வாசகர் கேட்டவை: பையன் நல்லாத்தான் ஆடுகிறான், இடம் காலியா?

கேள்வி: ஐயா, என் அக்கா குடும்பம் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறது. அக்கா மகனுக்கு இது பள்ளிக் கடைசி வருஷம். ஆறடி மூன்றங்குலம், பேஸ்கட்பாலில் கார்ட், அதாவது கூடைக்கு வெளியே நின்று பந்தை நடத்துகிறவன். அங்கே பையன்களுக்கு நட்சத்திரம் போட்டுத் தரம் பிரிப்பார்களாம், இவனுக்கு இரண்டுதான் கிடைத்தது. இரண்டு கல்லூரிகள் கூப்பிடுகின்றன. ஒன்று ஓரளவு பெரிய டீம், டிவியில் வருவது. இன்னொன்று வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் இருக்கும் சின்னக் கல்லூரி. அத்தான் பெரியதுக்குத்தான் போகணும் என்கிறார், அக்கா சின்னதுதான் என்கிறாள், குடும்ப வாட்ஸப்பில் தினமும் சண்டை. இரண்டு நட்சத்திரப் பையன் பெரிய டீமுக்குப் பொருந்துவானா? அவன் ஆடிய ஒரு முழு ஆட்டத்தின் வீடியோ அனுப்பியிருக்கிறேன். (பெயர் வேண்டாம், சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: தம்பி, முழு ஆட்டத்தை அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. எல்லோரும் நாலு நிமிஷம் வெட்டி ஒட்டினதைத்தான் அனுப்புவார்கள், அதில் எறிந்த பந்தெல்லாம் கூடையில் விழும், பின்னால் டமடமவென்று பாட்டு வேறு. அப்படி வெட்டி ஒட்டினால் நானும் நல்ல ஆட்டக்காரன்தான். உங்கள் மருமகன் ஆட்டத்தை இரண்டு தடவை பார்த்தேன். இரண்டாவது தடவை பந்தை விட்டுவிட்டு அவன் காலை மட்டும்.

மூன்றாவது குவார்ட்டரில் ஒரு இடம். நடு மைதானத்தில் அவன் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஒருவன் தனியாக ஓடுகிறான். இனிப் பிடிக்க முடியாது என்று பார்க்கிற நமக்கே தெரிகிறது. இவன் கையை விரித்து ரெஃப்ரியைப் பார்க்கவில்லை. கடைசி வரை துரத்துகிறான், எட்டவில்லை, பந்து கூடையில் விழுகிறது, அது தரையில் இரண்டாம் தடவை எகிறுவதற்குள் எடுத்துக் கோட்டுக்கு வெளியே போய் உள்ளே வீசிவிட்டான், எதிராளிகள் இன்னும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டிருக்கிறார்கள், அந்தப் பக்கம் இவர்களுக்கு இரண்டு பாயிண்ட் வந்தாயிற்று. முப்பது வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கு விசில் ஊதினவன் நான். இதைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

அடுத்தது அவன் நிற்கிற இடம். ஒரு கோட்டுக்குப் பின்னாலிருந்து போட்டால் மூன்று பாயிண்ட், அமெரிக்கப் பள்ளி ஆட்டத்தில் அந்தக் கோடு 6.02 மீட்டரில் இருக்கிறது. கல்லூரி ஆண்களுக்கு 2019-20 சீசனிலிருந்து 6.75 மீட்டர். ஏறக்குறைய இரண்டரை அடி பின்னால். பள்ளியில் கோட்டை ஒட்டி நின்று போட்டுப் பழகின பையன்கள் பலர் கல்லூரி போன முதல் வருஷம் பந்து வளையத்தின் முன்பக்கம் இடிக்க இடிக்கத் தவிப்பது இதனால்தான். உங்கள் பையன் எறிந்த ஐந்தில் நாலு, கோட்டுக்கு மூன்றடி பின்னாலிருந்து. யாரோ விஷயம் தெரிந்தவர் சொல்லியிருக்கிறார், இல்லை அவனே அளந்து வைத்திருக்கிறான்.

பிடிக்காததும் உண்டு. எதிராளியைத் தடுக்கும்போது நிமிர்ந்து நிற்கிறான். அவன் சட்டென்று இடப்பக்கம் வெட்டினால் இவனுக்குக் கால் பின்னிக்கொள்கிறது, ஒரே ஆட்டத்தில் மூன்று தடவை. பள்ளியில் இது தப்பிவிடும். கல்லூரியில் அடுத்த டீம் கோச் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்து, ஒவ்வொரு தடவையும் இவன் மேலேயே ஆளை ஏவிவிடுவார்.

சரி, நட்சத்திரத்துக்கு வருவோம். அது பையனுக்குப் போட்ட மார்க் என்று எல்லோரும் நினைக்கிறோம். பாதிக்கு மேல் அது அவனை யார் பார்த்தார்கள் என்பதற்கான மார்க். நட்சத்திரம் போடுகிற 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈஎஸ்பிஎன் ஆட்கள் அதிகம் போவது ஷூ கம்பெனிகள் நடத்தும் கோடைப் போட்டிகளுக்கு. அங்கே ஆடாதவன் இருட்டில் ஆடுகிறவன் மாதிரி. ஜா மொரான்ட் கதை இதற்குத்தான். பள்ளி நாட்களில் அவனும் ஸயான் வில்லியம்சனும் ஒரே கோடை டீமில் ஆடினார்கள். ஸயானை நாடே பார்த்தது. மொரான்டை ஒரு முகாமில், பெரிய ஹாலுக்கு வெளியே பக்கத்துச் சின்ன ஜிம்மில் தள்ளி வைத்திருந்தார்கள். மர்ரி ஸ்டேட் கல்லூரியின் துணைக் கோச் தின்பண்டம் வாங்கப் போன வழியில் பந்துச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ புது ஆட்டக்காரர்களை எடுக்கும் 2019 தேர்வில் ஸயான் முதலாவது, மொரான்ட் இரண்டாவது. அந்த ஆளுக்கு அன்றைக்குப் பசிக்காமல் இருந்திருந்தால்?

இதைப் படித்துவிட்டு அத்தான் துள்ளிக் குதிக்க வேண்டாம். நான் கதையைச் சொன்னது நட்சத்திரத்தை நம்பாதீர்கள் என்பதற்கு மட்டும். இரண்டு நட்சத்திரக்காரன் எல்லாம் மொரான்ட் ஆக மாட்டான், அந்த இரண்டும் சரியாகவே போட்டதாகவும் இருக்கலாம்.

அந்தப் பெரிய டீமின் ஆட்டமும் இரண்டு பார்த்தேன். ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு உள்ளே வெட்டுவான், மற்றவர்கள் மூலைகளில் காத்திருப்பார்கள், பந்து வந்ததும் போடுவார்கள். உங்கள் பையனுக்குத் தைத்து வைத்த சட்டை மாதிரி. சிக்கல் ஆட்டத்தில் இல்லை, நாட்காட்டியில். முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் உட்கார வேண்டும். 2021-இல் ஒரு தடவை உட்காராமல் மாறலாம் என்றார்கள், 2024-இல் எத்தனை தடவை வேண்டுமானாலும் என்றார்கள். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே ஆட்டக்காரனுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். இப்போது கோச் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். இந்த வருஷமே ஜெயிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை போகும். கால் பின்னுகிற பதினெட்டு வயசுப் பையனை இரண்டு வருஷம் வளர்ப்பாரா, வேறு கல்லூரியில் மூன்று வருஷம் அடிபட்டு வந்த இருபத்திரண்டு வயசுக்காரனைத் தூக்கிக்கொண்டு வருவாரா? வளர்த்தாலும் பயிர் முற்றுகிற நேரத்தில் வேறு ஒருவன் வந்து அறுத்துக்கொண்டு போவான், அதுவும் அவருக்குத் தெரியும்.

அதனால் கோச்சிடம் கேட்க வேண்டியது, என் பையன் பொருந்துவானா என்று இல்லை. அதற்கு எல்லாக் கோச்சும் ஆமாம் என்றுதான் சொல்வார். கடந்த நாலு வருஷத்தில் பள்ளியிலிருந்து நேராக எடுத்த பையன்களில் எத்தனை பேர் இன்னும் இங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பழைய ஆட்டக்காரர் பட்டியல்கள் கல்லூரிப் பக்கத்திலேயே இருக்கின்றன, நானே எண்ணிவிட்டேன். பெரிய டீமில் மிச்சம் ஒருவன். சின்னக் கல்லூரியில் நாலு பேர், அதில் இரண்டு பேர் கார்ட், இரண்டு பேருக்கும் இதுதான் கடைசி வருஷம், உங்கள் பையன் போகும்போது அந்த இடம் காலி.

ஆக அக்கா சொல்வதே சரி. ஆனால் அவர் சொல்லும் காரணம், வெள்ளிக்கிழமை வந்து வீட்டுச் சோறு சாப்பிடலாம் என்பது, காரணமே இல்லை. சீசன் நடுவில் பையன் பஸ்ஸில்தான் தூங்குவான், சோறு கனவில்தான். அங்கே இரண்டு வருஷம் ஆடிக் காலைச் சரி செய்துகொண்டால், அதே பெரிய டீம் அவனை மறுபடி தேடி வரும். மாறுகிற கதவு இரண்டு பக்கமும் திறக்கும் இல்லையா.

கேள்வி: போன இதழில் பேஸ்கட்பால் ஆட்டக்காரர் ஸ்டீபன் கரியை யாரும் சீண்டாத பையன் என்று எழுதிவிட்டீர்கள். அவன் அப்பா டெல் கரியே என்பிஏ ஆட்டக்காரர். பெரிய வீட்டுப் பிள்ளையை ஏழை ஆக்குகிறீர்களே, நியாயமா? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: அடி சரியான இடத்தில் விழுந்தது, ஒத்துக்கொள்கிறேன். பெயர் தெரியாத பையன் இல்லை. பெயர் தெரிந்தும் ஒல்லி, குட்டை என்று ஒதுக்கினார்கள், அப்பா படித்த வர்ஜீனியா டெக் கூட ஸ்காலர்ஷிப் தராமல், சும்மா வந்து சேர்ந்துகொள் என்றது. அவன் டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரிக்குப் போனான். முதல் ஆட்டத்திலேயே 13 தடவை பந்தைப் பறிகொடுத்தான். பதின்மூன்று! நானாக இருந்தால் ஆறாவதோடு பெஞ்சில் உட்கார வைத்திருப்பேன், வீட்டுக்குப் போய் அவன் அம்மாவுக்கும் போன் போட்டிருப்பேன். கோச் பாப் மெக்கிலப் அடுத்த ஆட்டத்திலும் இறக்கினார், மிச்சிகனுக்கு எதிராக 32 பாயிண்ட் போட்டான். 2008-இல் அந்தச் சின்னக் கல்லூரி தேசியப் போட்டியில் கடைசி எட்டு வரை வந்து, கான்சஸிடம் 59-57 என்று இரண்டே பாயிண்டில் தோற்றது. மேலே சாட்ஸ்வொர்த் தம்பிக்குச் சொன்னது இதுதான். பதின்மூன்று தப்பைப் பொறுக்கிற கோச் யார் என்று பார்த்துப் போகணும்.

நீங்கள் ஃபீனிக்ஸ் என்பதால் இன்னொன்று. ஸ்டீவ் நாஷ், நம் டர்பன் ஃபீனிக்ஸ் இல்லை, அமெரிக்காவின் அரிசோனா ஃபீனிக்ஸுக்கு ஆடி 2005, 2006 இரண்டு வருஷமும் என்பிஏவின் சிறந்த ஆட்டக்காரர் ஆனாரே, அவர் 1974-இல் பிறந்தது ஜொகன்னஸ்பர்க்கில். நிறவெறி நாட்டில் பிள்ளை வளர்க்க மாட்டோம் என்று பெற்றோர் கைக்குழந்தையோடு கனடா போய்விட்டார்கள். அவருக்கும் ஸ்காலர்ஷிப் கொடுத்தது சாண்டா கிளாரா என்ற ஒரே கல்லூரி. நான் பார்த்ததிலேயே மோசமாகத் தடுக்கிறவன் நீ என்று கோச் டிக் டேவி நேரிலேயே சொன்னாராம், சொல்லிவிட்டு எடுத்தும் கொண்டார். 1993-இல் அந்தக் கல்லூரி அரிசோனாவைக் கவிழ்த்தபோது கடைசி நிமிஷத்தில் வரிசையாக ஃப்ரீ த்ரோ போட்டவர் அந்த முதல் வருஷப் பையன்தான்.

கேள்வி: எப்போதும் அமெரிக்காக்காரன் கதைதானா? நம் பிள்ளை ஒருவரைச் சொல்லுங்கள். (மெரிபேங்க்)

பதில்: கிரிக்கெட்டில் தென்னாப்பிரிக்காவுக்கு ஆடும் செனுரான் முத்துசாமி, டர்பன் பிள்ளை. 2019-இல் விசாகப்பட்டினத்தில் முதல் டெஸ்ட், முதல் விக்கெட்டே கோலி. அந்தத் தொடருக்குப் பிறகு அடுத்த டெஸ்ட் ஆட 2023 வரை காத்திருந்தார். ஆட்டம் குறைவென்று நான் சொல்ல மாட்டேன். கேசவ் மகராஜ் நிற்கிற இடத்தில் இன்னொரு இடக்கைச் சுழலுக்கு எங்கே இடம்? 2025 நவம்பரில் குவஹாத்தியில் 109 அடித்தார், பேட்டால். அந்த இன்னிங்ஸை அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியாமல் பார்த்தேன், வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பள்ளியில் நெட்பால், கிளப்பில் பேஸ்கட்பால். அமெரிக்கக் கல்லூரிக்கு அனுப்பலாம் என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (ஒரு தாய், டொங்காட்)

பதில்: அம்மா, கொடுக்காதீர்கள். முதலில் பள்ளிப் பாடத்தைப் பாருங்கள். அங்கே கல்லூரிகளை விளையாட்டுக்காக டிவிஷன் என்று தட்டுத் தட்டாகப் பிரித்திருக்கிறார்கள். டிவிஷன் ஒன்று, இரண்டு கல்லூரிகளில் ஆட, குறிப்பிட்ட 16 பாடங்கள் முடித்திருக்க வேண்டும், மார்க்கும் வேண்டும். மெட்ரிக், அதாவது பள்ளிக் கடைசி வருஷத்தில் முழித்துக்கொண்டால் நேரம் இருக்காது, அதனால் இப்போதே அங்கத்திய கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிவிஷன் மூன்றில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையவே கிடையாது. அதில் முழு ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று அந்த ஆள் சொன்னால் வாசலைக் காட்டுங்கள். வெளிநாட்டு மாணவர் விசாவில் போகிற பிள்ளைக்கு விளம்பரப் பணம் சம்பாதிப்பதும் லேசு இல்லை, அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

அப்புறம் ஒரு முழு ஆட்டத்தைப் போனில் பிடித்து வையுங்கள். மைதானத்தில் தார் வெடித்திருந்தாலும் வளையத்தில் வலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நடுக்கோட்டுக்கு நேராக நின்று, இரண்டு கூடையும் தெரிகிற மாதிரி எடுங்கள், அவள் பெஞ்சில் உட்காருகிற நேரத்திலும் நிறுத்தாதீர்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள், பணம் கேட்க மாட்டேன்.