ரீயூனியன் தீவிலேயே விடுதி, வெந்நீர்க் குளியல், மலைநடை மூன்றும் சேர்ந்து கிடைக்கும் ஓய்விடம் எது?

காரைக்காலிலிருந்து வந்து சேன் பியேரில் பதினெட்டு ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். தீவின் தலைநகரான சேன் தெனியில் வேலை பார்க்கும் நீங்கள், மொரீஷியஸுக்கு டிக்கெட் எடுக்கும் செலவும் அலைச்சலும் இல்லாமல், மனைவியோடு மூன்று நாள் தங்கி, கொஞ்சம் மலையேறி, கொஞ்சம் வெந்நீரில் கிடந்துவிட்டு வர ஓர் இடம் கேட்டிருக்கிறீர்கள். தீவின் உள்ளே இருக்கும் மலையூரான சிலாவோஸுக்குப் போங்கள். அங்கே போயும் ஏமாந்து திரும்புகிறவர்கள் உண்டு. முதல் தடவை நானும் அப்படித்தான் திரும்பினேன். ஆகவே எப்படிப் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சேன் லூயியில் கடலோரச் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் சிலாவோஸ் ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் 400க்கும் அதிகமான வளைவுகள் இருப்பதால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும். ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே நுழையக்கூடிய சுரங்கவழிகளும் குறுக்கிடும். எதிரே பேருந்து வந்தால் ஒதுங்க வேண்டியவர் நீங்கள்தான். ஓட்டுநர் வளைவுக்கு முன்பே ஆரன் அடிப்பார். அதைக் கேட்டதும் அகலமான இடம் பார்த்து நின்றுவிடுங்கள். 1932இல் இந்தச் சாலை திறக்கப்படும்வரை, வசதியுள்ள நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்துத் தோளில் சுமந்துதான் மேலே கொண்டுபோனார்கள். அந்தச் சுமைகாரர்களின் பெயரில் ஓர் ஒற்றையடிப் பாதை இன்றும் அங்கே இருக்கிறது. கையோடு ஓர் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். என் மனைவி அதை முகர்ந்துகொண்டேதான் மேலே வந்து சேர்வாள்.

அத்தனை பாடுபட்டு நோயாளிகளைச் சுமந்துபோனதற்குக் காரணம் அங்குள்ள வெந்நீர் ஊற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டாடு வேட்டைக்குப் போன ஒருவரின் கண்ணில் பட்டதாகச் சொல்லப்படும் அந்த ஊற்றைச் சுற்றித்தான் ஊர் வளர்ந்தது. இப்போதுள்ள குளியல் நிலையத்தில் இரண்டு வகை உண்டு. மூட்டுவலிக்கும் செரிமானக் கோளாறுக்கும் மருத்துவர் சீட்டோடு வந்து 18 நாள் எடுத்துக்கொள்ளும் சிகிச்சை ஒன்று. ஓய்வுக்காக வருகிறவர்களுக்கான நீர்த்தாரைத் தொட்டி, மசாஜ் போன்றவை மற்றொன்று. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. வார இறுதியில் நேரம் கிடைப்பது அரிது என்பதால், அறையைப் பதிவு செய்வதற்கு முன்பே குளியலுக்கு நேரம் வாங்கிவிடுங்கள். மெழுகுவத்தியும் மெல்லிசையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். அடிப்படையில் அது மருத்துவத்துக்கான இடம். எனக்கு அந்த எளிமை பிடித்திருக்கிறது.

முதல் தடவை நான் செய்த தவறு, காலை ஒன்பது மணிக்குக் குளியலையும் பிற்பகலில் நடையையும் வைத்துக்கொண்டது. வெந்நீரில் கிடந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, ஒன்றரை மணிக்குப் பிரா ரூஜ் அருவியைப் பார்க்க இறங்கினோம். பாதி வழியிலேயே பள்ளத்தாக்கு முழுவதும் மேகம் நிறைந்துவிட்டது. அருவியின் இரைச்சல் காதில் விழுகிறது, அருவியைக் காணோம். முன்னால் போகும் மனைவியின் சிவப்புப் பை மட்டும் அவ்வப்போது தெரிந்து மறைகிறது. இது ஒரு நாள் வானிலை அல்ல, அந்த ஊரின் அன்றாட வழக்கம். வெயில் ஏற ஏற மலைச்சரிவுகள் சூடாகி, கடல்பக்கத்து ஈரக்காற்று பள்ளத்தாக்குகள் வழியே மேலே ஏறிக் குளிர்ந்து மேகமாகிறது. முற்பகல் முடிவதற்குள் முகடுகள் மறையத் தொடங்கி, பெரும்பாலும் இரவில்தான் வானம் மறுபடி தெளிகிறது.

அடுத்த ஆண்டு வரிசையை மாற்றிக்கொண்டோம். ஆறரை மணிக்கெல்லாம் குளியல் நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். அருவிக்குப் போகும் பாதை அங்கிருந்தே தொடங்குகிறது. போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம், போய்வர இரண்டரை மணி நேரம். அருவி விழும் இடத்தில் பாறை காவி பூசியது போலச் சிவந்திருக்கிறது, ஈரம் பட்ட இடமெல்லாம் வழுக்குகிறது. குற்றாலத்து நினைப்பில் அருவிக்கு அடியில் போய் நிற்க வேண்டாம். இந்த மலைகளில் மேலிருந்து எப்போது கல் உருளும் என்று சொல்ல முடியாது. திரும்பும் ஏற்றத்தில் தொடை நடுங்கிப் போயிருந்த எனக்கு, அன்று பிற்பகல் தொட்டியில் உள்ளங்காலிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு தாரையாகத் திறந்தபோதுதான், இந்த ஊரில் குளியலையும் நடையையும் பிரித்துப் பார்க்கவே கூடாது என்று புரிந்தது.

நடந்து பழக்கம் இல்லையென்றால் ரோஷ் மெர்வெய்யூஸ் என்ற பாறைமேடு போதும். காரிலேயே பக்கத்தில் போய்விடலாம், மலைகள் சூழ்ந்த சிலாவோஸ் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிந்து கிடக்கும், காலைச் சிற்றுண்டியை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். கால் வலுவுள்ளவர்கள் தாயிபித் கணவாய்க்கு ஏறலாம். உயரம் 2,081 மீட்டர், ஏற்றம் மட்டும் 800 மீட்டருக்கு மேல். அந்த முகட்டில் நின்றால் அந்தப் பக்கம் மஃபாத் பள்ளத்தாக்கு தெரியும். சாலையே இல்லாத, நடந்தோ ஹெலிகாப்டரிலோ மட்டும் போகக்கூடிய மஃபாத். 3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ நேஜ் சிகரத்தை மட்டும் இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். கவேர்ன் துஃபூர் குடிலில் இரவு தங்கி, நள்ளிரவு தாண்டி எழுந்து, நெற்றி விளக்கோடு ஏறிச் சூரிய உதயம் பார்ப்பது அருமையான அனுபவம்தான். அதற்குப் பிறகு உங்களுக்கு ஓய்வெடுக்க வேறொரு விடுமுறை வேண்டியிருக்கும்.

தங்குவதற்கு நீச்சல்குளமுள்ள ஓட்டல்களும் உண்டு, குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளும் உண்டு. என் ஓட்டு விடுதிக்கே, முக்கியமாக இரவுச் சாப்பாட்டுக்காக. ஊரின் பெருமை அங்கே விளையும் லென்டில் பருப்பு; நம் மைசூர்ப் பருப்பின் தம்பி போல இருக்கும், தோலோடு வேக வைப்பார்கள், சோற்றோடும் ரூகாய் என்ற காரத் தொடுகறியோடும் பிசைந்து சாப்பிட்டால் அமிர்தம். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, விரதம் இருந்த என் மாமியாருக்கு இறைச்சி வேண்டாம் என்று ஒரு விடுதியில் சொல்லியிருந்தோம், அவர்களும் தலையாட்டினார்கள். பருப்பைக் கிளறினால் அடியில் கட்டைவிரல் அளவுக்குப் புகையூட்டிய பன்றித்துண்டு. அவர்களுக்கு அது இறைச்சியில் சேர்த்தி இல்லை, பருப்புக்கு வாசம். அதனால் 'பருப்பில் புக்கானே போடாதீர்கள்' என்று பெயர் சொல்லியே கேட்டுவிடுங்கள்.

சேன் தெனியிலிருந்து உங்களுக்குக் கிட்டே இருப்பது சலாசிப் பக்கத்து எல்பூர்தான் என்று யாராவது சொல்லக்கூடும். அழகான ஊர், பழைய கிரியோல் வீடுகள், எங்கு பார்த்தாலும் சௌசௌ கொடி. ஆனால் அங்கிருந்த வெந்நீர் நிலையம் 1948 புயலோடு போயிற்று, இடிபாடுகளைத்தான் பார்க்கலாம். ஓட்டலின் சொகுசுதான் முதல் என்றால், சேன் ஜில் பக்கத்துக் கடலோர ஓட்டல்களில் நல்ல ஸ்பாக்கள் உண்டு. நான் அங்கே போவதில்லை. வீட்டிலிருக்கும் அதே வெக்கைக்குப் பணம் கொடுப்பானேன்?

மே முதல் நவம்பர் வரை போவது நல்லது. சிலாவோஸ் 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கடற்கரையைவிட ஏழெட்டு டிகிரி குளிராக இருக்கும்; நம்மூர் ஆடி மாதம் இங்கே நடுக்குளிர் காலம், ஸ்வெட்டர் இல்லாமல் இரவில் வாசலுக்கு வர முடியாது. அக்டோபரில் தீவைக் குறுக்காகக் கடக்கும் மலை ஓட்டப்பந்தயம் சிலாவோஸ் வழியாகப் போவதால், அந்த வாரத்தில் அறை கிடைக்காது. புயல் பருவத்தில் பாறை சரிந்து சாலை அடைபடுவது சகஜம். எந்தப் பருவமானாலும், எந்தப் பாதை மூடியிருக்கிறது என்பதை வனத்துறை வெளியிடும் அறிவிப்பில் முந்தின நாள் மாலையே பார்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் பாதை தொடங்கும் இடத்தில் போய் நின்றுகொண்டு தேடினால் தொலைபேசியில் சிக்னல் கிடைக்காது.