டெலிவரி சார்ஜை மிச்சம் பிடிக்க ஆகும் செலவு

கேள்வி: ஆன்லைனில் எதை வாங்கினாலும் டெலிவரி சார்ஜைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஒரு தலையணைக்கு அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டார்கள். அதனால் நான் சார்ஜே கட்டுவதில்லை. இலவச டெலிவரி வரம்பு வரும்வரை ஏதாவது சேர்த்துப் போட்டுவிடுவேன். மாதம் ஆறு ஆர்டராவது ஆகும். தம்பியும் தன் சாமான்களை என் கணக்கிலேயே போடச் சொல்வான், காசு அப்புறம் தருகிறேன் என்பான். இவ்வளவு சிக்கனமாக இருந்தும் கிரெடிட் கார்டு பாக்கி எட்டு மாதமாக ஏறிக்கொண்டே போகிறது. மினிமம் டியூ (கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும்தான் கட்ட முடிகிறது. ஆண்டுச் சந்தா கட்டினால் எல்லா டெலிவரியும் இலவசமாம். சேரலாமா?

பதில்: வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தத் தலையணை. உங்கள் கோபம் அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

கூரியர்காரர்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000ஆல் வகுப்பார்கள். வருவது வால்யூமெட்ரிக் எடை. 60, 40, 20 என்ற அளவில் ஒரு பெட்டி இருந்தால் 48,000, வகுத்தால் 9.6 கிலோ. உள்ளே இருப்பது ஒன்றரைக் கிலோ பஞ்சுதான். ஆனால் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். வண்டியில் அந்தப் பெட்டி அடைத்துக்கொண்ட இடத்தில் வேறு எதையும் ஏற்ற முடியாதே!

தூரத்துக்குத்தான் காசு என்று நினைப்போம். பிரிட்டனின் தபால் முறையைச் சீர்திருத்திய ரோலண்ட் ஹில் 1837இல் அந்நாட்டுத் தபால் கணக்கைக் குடைந்து பார்த்தார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்துபோக ஆகும் செலவு ஒரு பென்னியில் 36இல் ஒரு பங்குதான் என்று அவர் கணக்கு சொன்னது. கடிதங்களை வாங்கிக்கொள்வது, ஊர்வாரியாகப் பிரிப்பது, வீடு வீடாகக் கொடுப்பது ஆகியவற்றில்தான் காசு கரைந்தது. பார்சல் கடிதமல்ல, அதில் தூரமும் எரிபொருளும் கூடுதலாகவே ஏறும். ஆனாலும் லாரியில் ஆயிரம் பெட்டி போகும்போது செலவை ஆயிரம் பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். கடைசித் தெருவில் உங்கள் ஒரு பெட்டிக்காக ஒருவர் வண்டியை நிறுத்துகிறார், மாடி ஏறுகிறார், கதவு பூட்டியிருந்தால் மறுநாளும் வருகிறார். அந்தக் கூலியை யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். இலவசம் என்று போட்டிருந்தால் அது பொருளின் விலைக்குள் இருக்கும், இல்லையென்றால் நீங்கள் சேர்த்துப் போட்ட பொருளின் லாபத்தில் இருக்கும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். வரம்பு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவையானது 65, டெலிவரி 8. மொத்தம் 73இல் முடிந்திருக்கும். நீங்கள் 35க்கு எதையோ சேர்த்து 100 கட்டுகிறீர்கள். ஒரு ஆர்டருக்கு 27 அதிகம், மாதம் ஆறு என்றால் 162. டெலிவரியில் தப்பித்தது வெறும் 48. இதைத்தான் சிக்கனம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இது கைக்காசாக இருந்தாலாவது போகட்டும் என்று விடலாம். கார்டில் மாதம் 3 சதவீத வட்டி என்று எடுத்தால், அந்த 35 ஒரு வருடம் பாக்கியாக நின்றால் கிட்டத்தட்ட 50 ஆகிவிடும். மினிமம் டியூ கட்டினால் தாமத அபராதம்தான் வராது, வட்டி நிற்காது. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் பொதுவாக முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆக, 8ஐத் தவிர்க்க 50 கடன்.

தம்பி கதையும் இதேதான். அவருடைய சாமானுக்கு நீங்கள் கடன் வாங்கி, வட்டியும் கட்டுகிறீர்கள். அவரிடம் காசு கேட்கக் கூச்சமாக இருந்தால் சண்டை வேண்டாம், உங்கள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இனி காசு முதலில் வரட்டும், ஆர்டர் பிறகு. எட்டு மாத ஆர்டர் பட்டியல் உங்கள் கணக்கிலேயே இருக்கும். அவருடையதை மட்டும் கூட்டி அவருக்கு அனுப்புங்கள், விளக்கம் எதுவும் எழுதாமல்.

இப்போது சந்தா. மாதத்துக்கு எத்தனை முறை வாங்குவது என்பதில் உறுதியாக இருப்பவருக்கு அது லாபமாகலாம். உங்களுக்கு இப்போது இருக்கும் ஒரே தடை அந்த வரம்புதான், சந்தா அதையும் எடுத்துவிடும். கட்டிய பணத்தை ஈடுகட்ட வேண்டுமே என்று ஆறு ஆர்டர் பத்தாகும். 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று யாராவது வந்தால் அதையும் தொடாதீர்கள். உங்களிடம் ஏற்கனவே ஒரு கடன் இருக்கிறது, அதற்குத் துணை தேட வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு கார்டை ஆன்லைன் கடைகளிலிருந்து நீக்கிவிட்டு, தேவையானதை மட்டும் டெலிவரி சார்ஜோடு வங்கிக் கணக்கிலிருந்து வாங்குங்கள். மிஞ்சுவதெல்லாம் கார்டு பாக்கிக்குப் போகட்டும். வீட்டில் பிரிக்காமல் கிடப்பதில் திருப்பித் தர முடிந்ததைத் திருப்புங்கள். மொத்தம் வரம்புக்குக் கீழே இறங்கினால் சில கடைகள் அந்த 8ஐப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொள்ளட்டும், கைக்கு 27 வருகிறது.