மானுக்கும் வீட்டுக் காவலுக்கும் ஒரே ரைஃபிள்: 5.56, .300 பிளாக்அவுட், 7.62×39, 6.5 கிரெண்டல் – எது சரி?

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: டெக்சாஸில் இருக்கும் அவருடைய அண்ணன் ஏஆர்-15 ரக ரைஃபிள் வாங்கப் போகிறார். வெள்ளைவால் மானுக்கும் வீட்டுக் காவலுக்கும் சேர்த்து எந்தத் தோட்டா நல்லது?

தோட்டாவின் பெயரைப் பிறகு பார்க்கலாம். எத்தனை கஜத்தில் சுடுவார், உள்ளே என்ன குண்டு என்பதுதான் முதல் கேள்வி. காசிமேட்டில் மீனைப் பார்த்துத்தானே வலைக்கண் அளவை முடிவு செய்கிறார்கள், அதே கணக்குதான்.

மானுக்கு வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் பழைய அளவு, குண்டு படும் இடத்தில் 1,000 அடி-பவுண்டு (அடியின் பலத்தைச் சொல்லும் அலகு) ஆற்றல். 5.56-இன் 55 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டு வினாடிக்கு 3,200 அடி வேகத்தில் கிளம்பினாலும் 100 கஜத்துக்குள்ளேயே அதற்குக் கீழே இறங்கிவிடும். 5.56-ஆல் மானைச் சுடுவதை டெக்சாஸ் சட்டம் தடுக்கவில்லை. கொலராடோவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் .24 அங்குலத்துக்குக் குறைந்த குண்டால் மானைச் சுடக் கூடாது.

.300 பிளாக்அவுட் 2011-இல் தரப்படுத்தப்பட்டது. 110 கிரெய்ன் குண்டு, 2,350 அடி வேகம்; 100 கஜம் வரை நம்பலாம். இதன் 220 கிரெய்ன் மெதுவகைத் தோட்டாவை (ஒலியைவிட மெதுவாகப் போவது) மட்டும் மானுக்கு எடுக்கவே வேண்டாம். ஆற்றல் 500 அடி-பவுண்டு அளவுதான். 100 கஜத்துக்குக் குறி சரிபார்த்த துப்பாக்கியில் 200 கஜத்தில் சுமார் 3 அடி கீழே விழும். மான் அடிபட்டு ஓடி, புதரில் கிடந்து சாகும்.

7.62×39 ஏறக்குறைய 150 கஜம் வரை போதும். தோட்டா மலிவு. ஆனால் அதன் உறை நுனியை நோக்கிக் குறுகிப் போவதால் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) நன்றாக வளைந்திருக்க வேண்டும். ஏஆரில் அடிக்கடி சிக்குவது அங்கேதான்.

6.5 கிரெண்டல் 2003-இல் வந்தது. 123 கிரெய்ன் குண்டு நீளமானது, காற்றில் வேகத்தை எளிதில் இழக்காது. 18 அங்குல பேரலிலேயே 200 கஜம் தாண்டியும் அந்த 1,000 மிச்சமிருக்கும். மானுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இதன் பருத்த உறைக்காக போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) முகப்பை அகலமாகக் குடைவதால் ஓரத்தில் உலோகம் மெலிந்துவிடுகிறது. அழுத்தம் கூடிய தோட்டாக்களைப் போட்டால் போல்ட்டைப் பூட்டும் பல்லான லக் உடையும். மாற்று போல்ட் ஒன்று கையில் இருக்கட்டும்.

எந்தத் தோட்டாவானாலும் மானுக்கு முழு உலோக உறைக் குண்டு கூடாது. ஊசி மாதிரி துளைத்து வெளியேறிவிடும். விரியும் முனையுள்ள குண்டோ முழுச் செம்புக் குண்டோ வேண்டும்.

வீட்டுக் காவல் வேறு கணக்கு. அங்கே உள்சுவர் நம் பக்கத்துச் செங்கல் சுவர் இல்லை, மரச்சட்டத்தில் அடித்த அரை அங்குல ஜிப்சம் பலகை. எல்லா ரைஃபிள் குண்டும் அதைத் துளைக்கும். 5.56-இன் லேசான, விரியும் குண்டுகள் சீக்கிரம் சிதறி வேகமிழக்கும். கனமான குண்டுகள் அடுத்த அறைக்கும் போகும். அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்பதை முன்பே யோசித்து வைக்கட்டும்.

ஆகவே ஒரே கீழ்ப்பகுதி (விசையும் பிடியும் உள்ள பாதி), இரண்டு மேற்பகுதி (பேரலும் போல்ட்டும் உள்ள பாதி) வாங்கச் சொல்லுங்கள்: வீட்டுக்கு 5.56, மானுக்குக் கிரெண்டல். இரண்டு பின்களைத் தள்ளினால் மாற்றிவிடலாம். ஸ்கோப் மேற்பகுதியோடே இருப்பதால் குறி பெரும்பாலும் மாறாது. இருந்தாலும் சீசனுக்கு முன் மூன்று குண்டு சுட்டுப் பார்க்கட்டும்.

5.56-ஐயும் .300 பிளாக்அவுட்டையும் சேர்த்து வாங்கினால் ஓர் ஆபத்து உண்டு. இரண்டுக்கும் ஒரே மேகசின், ஒரே போல்ட். .300 தோட்டா 5.56 சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் அறை) போய், குண்டு உறைக்குள் பின்னால் அழுந்தி, போல்ட் மூடிக்கொள்ளலாம். .308 அங்குலக் குண்டு .224 அங்குலப் பேரல் துளைக்குள் போக முடியாது. துப்பாக்கி முகத்தருகே வெடிக்கும். மேகசின்களுக்கு வேறு வேறு நிறம், ஒரு மேசையில் ஒரு வகைத் தோட்டா மட்டும். இதில் சலுகையே கூடாது.

இன்னொன்று. 5.56, 7.62×39 எல்லாம் இங்கே தடை செய்யப்பட்ட ரகம். மான் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அண்ணன் ஊருக்கு வரும்போது வேட்டைக்குக் கொண்டுபோன பையில் துணி அடுக்கி வர வேண்டாம். ஓரத்துப் பையில் மறந்த ஒரே ஒரு தோட்டா போதும், மீனம்பாக்கம் ஸ்கேனரில் சிக்கி ஆயுதச் சட்டத்தில் வழக்காகிவிடும்.