வாலட் கட்டுபவர்களின் கேள்விகள்: திரையில் என்ன தெரிய வேண்டும்?

கிரிப்டோ வாலட் ஆப் எழுதும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், திரை வடிவமைப்பு தொடர்பானவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வாலட் திறந்ததும் 12 சீட் வார்த்தைகளை, அதாவது போன் தொலைந்தாலும் பணத்தை மீட்டுத்தரும் ரகசியச் சொற்களைக் காட்டித் தாளில் எழுதச் சொல்கிறோம். எல்லோரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார்கள். எப்படித் தடுப்பது?

ஆண்ட்ராய்டில் அந்தத் திரைக்கு மட்டும் ‘ஃப்ளாக் செக்யூர்’ என்ற பாதுகாப்பு அமைப்பைப் போடுங்கள், ஸ்கிரீன்ஷாட் விழாது. ஐபோனில் எடுத்த பிறகுதான் ஆப்புக்குத் தெரியும். அழிக்கச் சொல்லலாம், அவ்வளவுதான். பயம் வீணானதல்ல. 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி வெளிப்படுத்திய ஸ்பார்க்கேட் மால்வேர், கேலரியில் கிடக்கும் படங்களில் உள்ள எழுத்தைப் படித்து சீட் வார்த்தைகளைத் தேடியது. கூகுள் பிளே, ஆப்பிள் ஸ்டோர் இரண்டிலும் இருந்த ஆப்களுக்குள்ளேயே அது உட்கார்ந்திருந்தது.

ஆனால் உங்கள் சிக்கல் நேரம்தான். ஆப்பை இப்போதுதான் நிறுவியவரிடம், உள்ளே ஒரு பைசாகூட இல்லாதபோது, பேனா எடு என்றால் யார் எடுப்பார்? முதன்முறை ‘பெறு’ பொத்தானைத் தொடும்போது, முகவரியைக் காட்டுவதற்கு முன் கேளுங்கள். எழுதிவிட்டேன் என்றால் நம்பாதீர்கள். நான்காவது வார்த்தை எது, ஒன்பதாவது எது என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சீட் வார்த்தைகளைத் தமிழிலேயே கொடுத்தால் என்ன?

ஆசை நியாயமானது, ஆனாலும் செய்யாதீர்கள். சீட் வார்த்தைகளுக்கான பொதுத் தரமான பிப்-39இல் ஆங்கிலம், ஜப்பானியம், செக் என 10 பட்டியல்கள் உண்டு, தமிழ் இல்லை. நாளை உங்கள் ஆப் நின்றுபோனால், வேறு எந்த வாலட்டிலும் அந்தப் பணத்தை மீட்க முடியாது. இன்னொன்று: பணத்தைத் திறக்கும் ரகசியச் சாவி பிறப்பது அந்த வார்த்தைகளின் எழுத்துக் குறியீட்டிலிருந்து. ‘கொ’வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சீராக்கும் படியை ஒரு டெவலப்பர் மறந்தால், சரியான வார்த்தைகளைத் தட்டியும் காலி வாலட்தான் திறக்கும்.

வார்த்தைகள் ஆங்கிலத்தில் இருக்கட்டும், விளக்கம் முழுக்கத் தமிழில் வரட்டும். ஆங்கிலப் பட்டியலின் 2048 வார்த்தைகளும் முதல் நான்கு எழுத்துக்குள் வேறுபட்டுவிடும்; மீட்கும் திரையில் மீதியை நீங்களே நிரப்பிக்கொடுக்கலாம்.

கேள்வி: முகவரியின் தலையையும் வாலையும் மட்டும் காட்டினால் போதாதா?

அதைத்தான் திருடன் எதிர்பார்க்கிறான். தலையும் வாலும் ஒத்துப்போகும் முகவரியை உருவாக்கி, உங்களுக்குச் சில்லறை அனுப்பி, உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் ஏறிக்கொள்வான்; அடுத்த முறை அங்கிருந்து நகலெடுத்தால் பணம் அவனுக்குப் போகும். 2024 மே மாதம் ஒருவர் இப்படி ஏமாந்து அனுப்பியது 1,155 ரேப்டு பிட்காயின் (பிட்காயினுக்கு ஈடாக எத்தீரியத்தில் புழங்கும் டோக்கன்), ஏறத்தாழ 7 கோடி டாலர். பெரும்பகுதி திரும்பி வந்தது அவர் அதிர்ஷ்டம். முழு முகவரியையும் நான்கு நான்கு எழுத்தாகப் பிரித்துக் காட்டுங்கள். ‘இந்த முகவரிக்கு இதற்குமுன் நீங்கள் அனுப்பியதில்லை’ என்ற ஒரு வரியையும் சேருங்கள்.

கேள்வி: சாவியைத் தனிக் கருவியில் வைக்கும் ஹார்டுவேர் வாலட்டும், பணம் நகரப் பலர் கையெழுத்தும் இருந்தால் கவலையில்லையே?

2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் போனதும், 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் சந்தையிலிருந்து ஏறக்குறைய 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈத்தர் நாணயம் போனதும் பலர் கையெழுத்து வேண்டிய வாலட்டுகளிலிருந்துதான். பைபிட் பயன்படுத்திய சேஃப் வாலட்டின் டெவலப்பர் ஒருவரது கணினிக்குள் புகுந்தவர்கள், இணையப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டை மாற்றினார்கள். கணினித் திரையில் வழக்கமான பணமாற்றம் தெரிந்தது. உண்மையில் கையெழுத்தானதோ, வாலட்டின் கட்டுப்பாட்டையே கைமாற்றும் உத்தரவு. ஹார்டுவேர் கருவியின் குட்டித் திரை அதைப் புரியும்படி சொல்லவில்லை. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எனவே அனுப்பும் முன் பரிவர்த்தனையை ஒத்திகையாக ஓட்டிப் பார்த்து, விளைவை வாக்கியமாகச் சொல்லுங்கள்: ‘இவ்வளவு ஈத்தர் போகும், வருவது ஒன்றுமில்லை’, ‘இந்த வாலட்டின் உரிமை மாறும்’. அதையும் போன் சொல்வதை நம்பாமல் கருவியே படித்துக் காட்ட வேண்டும். படிக்க முடியாத உத்தரவுக்கு கையெழுத்து இல்லை என்பதே இயல்பு அமைப்பாக இருக்கட்டும். உங்கள் டோக்கனை எடுக்க ஒரு தளம் அனுமதி கேட்கும் அப்ரூவல் திரையிலும் இதே கதை. பல தளங்கள் கேட்கும் 78 இலக்க எண்ணை அப்படியே காட்டினால் யாருக்குப் புரியும்? ‘வரம்பில்லாமல் எடுக்கலாம்’ என்று எழுதுங்கள். இந்த முறைக்குத் தேவையான தொகையை மட்டும் முன்கூட்டியே நிரப்பிவையுங்கள்.

கேள்வி: எல்லா எச்சரிக்கையையும் சிவப்பில் போடலாமா?

தினமும் சிவப்பைப் பார்த்தவர் படிக்காமலே தட்டுவார். உரிமை மாற்றம், வரம்பில்லா அப்ரூவல் இரண்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ‘சரி’யைப் பெரிதாக்கி, ‘வேண்டாம்’ என்பதைச் சாம்பல் நிறத்தில் மூலையில் ஒளிக்கிற வேலை வேண்டாம்.